ஒரு பருவத் தலைநகர்

கொண்டச்சியிற் காண்பதற்கு என்ன உளது என்று அன்பர் சிலர் வினவுவர். மணலும் கடலும் உள. ஆயினும் முத்துக்குளிப்புப் பருவத்தில் அஃது ஒரு தலைநகராகவே விளங்கிற்று. சில குடில்களே நின்ற வெறுமணலில் பல்லாயிரவர் கூடிப் பன்மொழி அங்காடி எழுந்த விந்தையை, 1803இல் வெளிவந்த றொபேட் பேர்சிவலின் நூல் கூறும். கீழக்கரையாரும் அராபியரும் கயிற்றிற் பிணித்த கல்லிற் காலூன்றி மூழ்கினர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி'க்கும் அங்கே ஊதியம் உண்டு! அள்ளிய சிப்பிகளைக் கொட்டுகளில் அழுகவிட்டே முத்தெடுத்தனர். முத்துமாலை பூணும் மகளிர் அந்நாற்றத்தை அறியார்.

அயலிலுள்ள மரிச்சுக்கட்டியில் 1905இல் அள்ளியவை எட்டுக் கோடிச் சிப்பிகளுக்கு மேல். குளித்தவர்க்கு மூன்றிலொரு பங்கே. 1907க்குப் பின் 1925 வரை குளிப்பே நிகழவில்லை. வேண்டுமட்டும் வாரியதன் பயனும் அதில் உண்டென்பது என் துணிபு.

இன்று செல்வோர் மீனும் ஒடியற்கூழும் உண்ணலாம். அதற்குமுன் அரிப்புக்குச் செல்க. குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடறிக் நோர்த் எழுப்பிய 'டொறிக்' மாளிகை அங்கே இடிந்து நிற்கின்றது. ஒரு பகுதியைக் கடல் முன்னரே கொண்டது. எஞ்சியதன் அடியை அலை அரித்து வருகின்றது.