லயத்து அடுப்பில் வாழும் இலக்கணம்

தொழிலாகு பெயருக்கு 'வற்றல்' என்பதை எடுத்துக்காட்டாகக் கூறுதல் ஆசிரியர் மரபு. பதுளை மாணவருக்கு யான் காட்டுவதோ, தைப்பொங்கலன்று தோட்டத்து வாழையிலையில் பரிமாறப்படும் கறிகளையே.

பொங்கு, அவி, பொரி, மசி, துவட்டு என்னும் வினைகளோடு 'அல்' விகுதி சேரின் பொங்கல், அவியல், பொரியல், மசியல், துவட்டல் என வரும். தொழிலின் பெயரே உணவுக்கு ஆகிவந்தது.

இவற்றுக்குப் போறணை வேண்டா. லயத்தின் ஓரடுப்பே போதும். பொங்கற்பானை இறங்கியதும் வெலிமடை உருளைக்கிழங்கு அவிந்து மசியலாகும். அடுத்து, நறுக்கிய போஞ்சி கடுகு தாளித்த சட்டியில் மூடிய ஆவியிலேயே வெந்து, தேங்காய்ப்பூ தூவத் துவட்டலாகும். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கோ அடுப்பும் வேண்டா.

'போஞ்சி' ஒல்லாந்தர் சொல்; சிங்களத்தின் வழியே நம்மிடம் வந்தது. காயின் பெயர் அயலது. சமைக்கும் வினையோ தமிழ். கோப்பிக் காலத்தில் கடல் கடந்து வந்த நம் முன்னோருட் பலர் ஏடறியாதவர். ஆயினும் இவ்வினைகளை நாவிற் காத்தனர்.

இன்று மாணவர் பலர் அனைத்தையும் 'கறி' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். மாணவர்காள்! கொழுந்து கொய்து வந்த கையோடு அடுப்பு மூட்டும் அன்னையரிடம் இச்சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் மறந்தபின் கேட்பதற்கு வேறு ஆளில்லை.