கருவிழி: பிடி நிலைக்குமா?

மைசூரில் ஒரு கல்லூரி மாணவனின் கண்ணாடி பவர் அடிக்கடி மாறினால் காரணம் கெரட்டோகோனஸாக இருக்கலாம். கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய். முற்றினால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைவரை போகும்.

தடுக்க கிராஸ்லிங்கிங் இருக்கிறது. ரிபோஃப்ளேவின் சொட்டுவிட்டு, புறஊதாக் கதிர் பாய்ச்சி, கொலாஜன் இழைகளைப் பிணைக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான இந்தச் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன.

பெரும்பாலோருக்கு நோய் நின்றுவிடுகிறது. சிலருக்கு, குறிப்பாகச் சிறு வயதினருக்கு, மீண்டும் தலைதூக்குகிறது. யாருக்கு? வயதும் வளைவும் தடிமனும் ஓரளவு துப்புத் தரும். பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆய்வாளர்கள் 2018இல் இன்னொரு துப்பைச் சேர்த்தனர்: கூம்பின் மேல்படலத்தில், இழைகளை இயற்கையாகப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்சைமின் அளவுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் தொடர்புண்டு.

எதுவும் உத்தரவாதமல்ல. கண்ணைக் கசக்காமலிருப்பதும் தவறாமல் பரிசோதனைக்குப் போவதும் மாணவனின் கையில்தான்.