உமிக்குள் ஒரு கண்ணாடி

யாழ்ப்பாணத்து அரியாலை வயல்களில் மாரி மழையை நம்பி விதைக்கும் நெல், தை மாசியில் அறுவடைக்கு வருகிறது. மில்லில் குத்தும்போது நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகக் கழிந்துவிடும். இந்த உமியை மாடு விரும்பித் தின்னாது. மண்ணில் கொட்டினாலும் இலேசில் உக்காது. அதற்குக் காரணம் சிலிக்கா.

நெல்லின் வேர், மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேறெந்தத் தானியத்தையும்விட ஆவலோடு உறிஞ்சுகிறது. தண்டு வழியே மேலேறிய நீர் ஆவியாகிவிட, சிலிக்கா இலையிலும் உமியின் வெளித்தோலிலும் படிந்து இறுகுகிறது. அது படிகமாவதில்லை. கண்ணாடியில் உள்ளதுபோல அணுக்கள் ஒழுங்கின்றி அமைந்த நிலையில் நிற்கிறது. பயிர் நிமிர்ந்து நிற்பதற்கும் பூஞ்சையைத் தாங்குவதற்கும் இது கவசம். உமிக்கரியால் பல் தீட்டியவர்களும் பித்தளை விளக்கு துலக்கியவர்களும் நம்பியிருந்தது இந்தச் சிலிக்காவின் உரசலைத்தான்.

அதே உமி நல்ல எரிபொருளும்கூட. ஏறத்தாழ மூன்றரை கிலோ உமியில் ஒரு கிலோ டீசலின் வெப்பம் இருக்கிறது. உமியை எரித்து ஆற்றல் பெறுவதைப் பெரிய அளவில் செய்து பார்க்கத் துணிந்தது ஒரு சீமெந்துக் கம்பெனி. ஏ.வை.எஸ். ஞானம் ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு கைகோத்து 1982இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்து, திருகோணமலையில் இயங்குகிறது. சீமெந்துக் கட்டிகளை மாவாக அரைக்கும் ஆலைக்கு மின்சாரம் இரவும் பகலும் வேண்டும். அதற்காக 2008இல் அங்கே 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம் எழுந்தது.

பத்து மெகாவாட் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ உமி எரிய வேண்டும். உமியை மட்டுமே எரித்து நாள் முழுதும் ஓட்டினால் 300 தொன் உமி தேவைப்படும். அவ்வளவு உமி கிடைக்க 1,500 தொன் நெல் குத்த வேண்டும். அறுவடைக் காலத்தில் மலையாகக் குவியும் உமி, மற்ற மாதங்களில் தேடினாலும் கிடைக்காது. கோழிப்பண்ணைக்காரரும் செங்கல் சூளைக்காரரும் அதையேதான் கேட்பார்கள்.

ஆகவே எரிபொருளைத் தோட்டத்திலேயே வளர்க்க வேண்டியதாயிற்று. கைகொடுத்தது சீமைக்கிளுவை, அதாவது கிளிசரியா. யாழ்ப்பாணத்து வேலிகளில் கதியாலாக நிற்கும் அதே மரம்தான். ஒரு தடியை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால், வேர்முடிச்சில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. கொப்பு கொதிகலனுக்குப் போக, குழை வயலுக்கு உரமாகும், ஆட்டுக்கும் தீனியாகும். தென்னையின் கீழ் இதை ஊடுபயிராக வளர்ப்பது பற்றி லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் செய்த ஆய்வுகளும், நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசு இதற்குக் கொடுத்த இடமும், கொப்பு வெட்டி விற்கும் விவசாயியின் உழைப்பும் சேர்ந்தால்தான் அடுப்பு அணையாமல் எரியும்.

எரிந்த பின் மிஞ்சுவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா. சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு ஒரு பக்கவிளைவாக வெளிப்படும். அதற்குத் தனியே வலுவில்லை. கண்ணாடி நிலையில் உள்ள உமிச்சாம்பலைக் கலந்தால் சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து புதிய பிணைபொருளை உண்டாக்குகிறது. கொங்கிரீற்றின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வது மந்தமாகிறது. கடல்நீரேரியின் உப்புக்காற்றில் வீடு கட்டும் அரியாலை மக்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இங்கே ஓர் இழுபறி உண்டு. ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குக் கீழே நிதானமாக எரித்தால் சிலிக்கா கண்ணாடி நிலையிலேயே இருக்கும். அதற்கு மேல் வெகுநேரம் சூடேறினால் படிகமாகி வினையாற்றலை இழக்கும், நுரையீரலுக்கும் கேடு. வெப்பத்தைக் குறைத்தாலோ சாம்பலில் கரி தங்கிக் கொங்கிரீற்றைக் கெடுக்கும். கொதிகலன் பொறியியலாளர் நீராவிக்காகக் கடும் தீயைக் கேட்கிறார். சீமெந்து வேதியியலாளர் மிதமான தீயைக் கேட்கிறார். பெர்க்லியிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.கே. மேத்தா 1970களில் இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தபோது, உலை வடிவமைத்த பிட் என்பவரோடு சேர்ந்தே உழைத்தார். பயிர்க் கழிவிலிருந்து ஆற்றலையும் தொழிற்பொருளையும் ஒருங்கே பெறுவது பற்றி இருவரும் 1976இல் எழுதினார்கள்.

தொழில் நிறுவனம் ஆய்வுக்குத் தரக்கூடிய பெருங்கொடை, ஓடும் ஆலையின் அனுபவம்தான். ஆய்வுகூடத்துச் சின்ன உலையில் ஒரு பிடி உமியை அழகாக எரித்துவிடலாம். ஆறு மாத ஓட்டத்தில் சிலிக்கா குழாய்களை எவ்வளவு தேய்க்கும், சாம்பலிலுள்ள பொற்றாசியம் உருகி எங்கே ஒட்டும், ஈரவிறகு வந்த நாளில் தீ எப்படித் தளரும் என்பதையெல்லாம் ஓடும் ஆலைதான் சொல்லும். ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும்.

வடக்குக்கு இந்த ஆய்வு வேண்டியதற்குக் காரணமும் உண்டு. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரோடு நின்றுபோனது. குடாநாட்டின் சுண்ணக்கல்லை இனி அந்த அளவில் தோண்டுவது நிலத்தடி நீருக்கு நல்லதல்ல. சுண்ணக்கல்லைச் சுட்டு ஒரு தொன் சீமெந்துக் கட்டி ஆக்கும்போது முக்கால் தொன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியேறுகிறது. அந்தக் கட்டியில் ஒரு பங்கையாவது உமிச்சாம்பல் ஈடுசெய்ய முடிந்தால் பூமிக்கும் சுமை குறையும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், நெல் விளையும் மாவட்டத்தின் நடுவில் அருகருகே இருக்கின்றன. வடக்கின் அரிசி ஆலைக்காரர்கள் அவர்களிடம் உமியோடு போக வேண்டும். பீடங்கள் ஆலைகளுக்குள் வர வேண்டும். மாணவர் ஒருவர் தன் இறுதியாண்டு ஆய்வை ஓடுகிற கொதிகலன் ஒன்றின் அருகில் நின்று செய்தால், அந்த வேலை அங்கிருந்தே தொடங்கிவிடும்.