சங்கிலிச் சத்தம் கேட்குமா?

குழந்தைகளே! சிதம்பரம் அருகே எங்கள் கிள்ளைக் கடற்கரையிலிருந்து கிழக்கே சுமார் 1400 கிலோமீட்டர் போனால் அந்தமான். அங்குள்ள செல்லுலார் சிறையில் இரவில் சங்கிலிச் சத்தம் கேட்கும், பேய் அழும் என்று கதை சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள்!

ஆங்கிலேயர் 1906ல் கட்டி முடித்த சிறை அது. சுதந்திரப் போராட்ட வீரர்களைத் தனித்தனி அறையில் அடைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எதிரே அடுத்த கட்டடத்தின் பின்சுவர்தான் தெரியும்! பகலில் மாடு போலச் செக்கிழுக்க வேண்டும். 1933ல் உண்ணாவிரதம் இருந்த மகாவீர் சிங்குக்கு வலுக்கட்டாயமாகப் பால் புகட்டினார்கள். அவர் இறந்தே போனார்.

வதைத்தது பேயா? மனிதர்கள்தானே!

1979ல் அது தேசிய நினைவிடமானது. அங்கே போனால் பேயைத் தேடாதீர்கள். நடுக் கோபுரத்தில் பொறித்துள்ள வீரர்களின் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். தனிமையில் வாடியவர்களுக்கு அதுதான் நம் மரியாதை.