பெட்டியில் பார்த்த குருமா

ஞாயிற்றுக்கிழமை. பகல் 11 மணி.

சென்னை கோபாலபுரத்தில் ஒரு வீடு. கூடத்தில் டெலிவிஷன் ஓடிக்கொண்டு இருக்கிறது. அதன் முன்னால் அந்த வீட்டு மருமகள் உட்கார்ந்து இருக்கிறாள். கையில் பென்சில். மடியில் மகனின் பழைய நோட்டுப் புத்தகம்.

பெட்டிக்குள் ஒரு சமையல்காரர் குருமா செய்கிறார். வெங்காயத்தைப் போடுகிறார். இரண்டு தடவை கிளறுகிறார். அடடா! வெங்காயம் பொன்னிறம் ஆகிவிட்டது. தக்காளியைப் போடுகிறார். அதுவும் குழைந்துவிட்டது. தேங்காய் விழுதை ஊற்றுகிறார். கொத்தமல்லியைத் தூவுகிறார். குருமா தயார்! எல்லாம் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்று எழுந்தாள் மருமகள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

பகல் ஒன்றரை மணி. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணவர் சப்பாத்தியைப் பிய்த்து, குருமாவில் தோய்த்து, வாயில் வைத்தார். முகம் மாறியது. தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"அம்மா, ஒரே உப்பு!" என்றான் மகன்.

"வெங்காயம் பச்சை வாடை அடிக்கிறதே! டி.வி.யைப் பார்த்துச் சமைத்தால் டி.வி.க்குத்தான் பரிமாற வேண்டும்" என்றார் கணவர்.

வீடே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அரை கிலோ காய்கறி, ஒரு மூடி தேங்காய், இரண்டு மணி நேர உழைப்பு, எல்லாம் வீண். "எனக்குக் கை வரவில்லை" என்று நினைத்தாள். நோட்டுப் புத்தகத்தை மூடி, அலமாரியில் போட்டாள்.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. ஊரெல்லாம் நடக்கிற கதை. டெலிவிஷன் சமையலைச் செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு.

ஆனால், தவறு யாருடையது? அவள் கையிலா, பெட்டியிலா?

நாக்கு, எழுத்து, கண்

பிறர் செய்யும் பண்டத்தை நம் வீட்டில் செய்துபார்க்கும் ஆசை டெலிவிஷனோடு பிறந்தது அல்ல.

கோபாலபுரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது கதீட்ரல் சாலை. அங்கே 1962-ம் ஆண்டு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே இட்லியும் தோசையும் காப்பியும் சாப்பிடலாம். அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. இப்படிப்பட்ட ஓட்டலில் சாப்பிட்டு வந்தால், ருசி நாக்கில் இருக்கும். செய்முறை தெரியாது.

செய்முறைக்குப் புத்தகம் வந்தது. 1951-ம் ஆண்டு எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய "சமைத்துப் பார்" வெளியாயிற்று. எத்தனையோ புதுமணப் பெண்களுக்கு அது சீர்வரிசையோடு போனது. கடல் கடந்தும் போனது. தாயைப் பிரிந்த பெண்ணுக்கு அந்தப் புத்தகமே தாய்! அதில் செய்முறை உண்டு. ஆனால் அந்தக் கை எப்படிக் கிளறுகிறது என்று பார்க்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் டெலிவிஷன். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ஆனால் மோந்து பார்க்க முடியாது. உப்புப் பார்க்க முடியாது. அடுப்பின் சூடும் தெரியாது. சமையலில் பாதி வேலை மூக்குக்கும் நாக்குக்கும்தானே?

கறுப்பு வெள்ளைச் சமையல்

டெலிவிஷன் பிறந்த உடனேயே சமையலும் அதில் புகுந்துவிட்டது. 1937-ம் ஆண்டு லண்டன் பி.பி.சி. டெலிவிஷனில் மார்செல் பூலெஸ்டின் என்பவர் சமைத்துக் காட்டினார். அவர் பிரெஞ்சுக்காரர். அவர் முதலில் செய்தது ஆம்லெட்!

இந்தியாவில் முதல் டெலிவிஷன் நிலையம் 1959-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வர 16 ஆண்டுகள் ஆயின. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சென்னை நிலையம் திறக்கப்பட்டது. பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடியது.

அப்போது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். வர்ண ஒளிபரப்பு 1982-ல்தான் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் "பொன்னிறமாக வறுக்கவும்" என்று சொன்னால் என்ன தெரியும்? பொன்னும் சாம்பல் நிறம். கரியும் கிட்டத்தட்ட அதே நிறம்!

1993-ல் சன் டி.வி. தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியில் சஞ்சீவ் கபூரின் "கானா கசானா" நிகழ்ச்சி ஆரம்பம் ஆனது. அதன் பிறகு தமிழ் டெலிவிஷனில் சமையல் கொடிகட்டிப் பறந்தது. மல்லிகா பத்ரிநாத், கவிஞர் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம், தாமு, வெங்கடேஷ் பட் ஆகியோரின் முகங்கள் வீட்டு மனிதர்களின் முகங்களாகவே ஆகிவிட்டன. "ஆஹா என்ன ருசி" நிகழ்ச்சியில் சமைத்த ஜேக்கப், கொங்கு நாட்டுச் சமையலைப் பலருக்கும் எடுத்துச் சொன்னார். 2012-ல் அவர் இளம் வயதில் இறந்தபோது, சமையல் அறைகளில் வருத்தப்பட்டவர்கள் பலர்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் குருமா ஏன் கெட்டது?

பெட்டி விழுங்கிய நேரம்

முதல் காரணம், நேரம்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் கொதிக்கும். ஈரம் இருக்கிற வரையில், வெங்காயத்தின் சூடு அதற்கு மேல் ஏறாது. நிறம் மாறுவதற்கோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே முதலில் தண்ணீர் வற்ற வேண்டும். பிறகுதான் பொன்னிறம். மூன்று பெரிய வெங்காயம் இப்படி வதங்க, வீட்டு அடுப்பில் நிதானமான தீயில் கால் மணி நேரம், இருபது நிமிடம் கூட ஆகும்.

டெலிவிஷனில் இருபது நிமிடம் வெங்காயத்தையே காட்டினால் யார் பார்ப்பார்கள்? வெட்டிவிடுகிறார்கள்! இரண்டு தடவை கிளறுவதைக் காட்டுகிறார்கள். பிறகு, வதங்கி முடிந்த வெங்காயத்தைக் காட்டுகிறார்கள். நடுவில் போன இருபது நிமிடம் பெட்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதை நம்பி, மூன்றே நிமிடத்தில் தக்காளியைப் போட்டால் பச்சை வாடை அடிக்காமல் என்ன செய்யும்?

காய் நறுக்க, தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ ஆன நேரமும் படத்தில் வருவதில்லை. எல்லாம் சின்னக் கிண்ணங்களில் தயாராக இருக்கின்றன. வீட்டில் அந்தக் கிண்ணங்களை யார் நிரப்புவது?

எந்தக் கரண்டி?

இரண்டாவது காரணம், அளவு.

"உப்பு இரண்டு ஸ்பூன்" என்கிறார் சமையல்காரர். எந்த ஸ்பூன்? டீ ஸ்பூன் என்றால் 5 மில்லி. மேசைக் கரண்டி என்றால் 15 மில்லி. ஒன்றுக்கு மூன்று மடங்கு! அவர் சொன்னது சின்னது. அவள் எடுத்தது பெரியது என்றால், குருமா கடல் நீர்தான்.

உப்பிலும் இரண்டு வகை. கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பொடி உப்பு இடைவெளி இல்லாமல் நிறைந்துவிடும். ஒரே ஸ்பூனில் அள்ளினாலும் பொடி உப்பின் எடைதான் அதிகம். கல் உப்புக்குச் சொன்ன அளவைப் பொடி உப்பில் போட்டால் கரிக்கும்.

"ஒரு கப்" என்பதும் அப்படித்தான். 200 மில்லி கப் உண்டு. 240 மில்லி கப்பும் உண்டு. நம் வீட்டு டம்ளர் இரண்டிலும் சேராது!

ஓட்டல் தீயும் வீட்டுத் தீயும்

மூன்றாவது காரணம், தீ.

பெரிய சமையல்காரர்கள் பலர் ஓட்டலில் பழகியவர்கள். ஓட்டல் அடுப்பு ஆளை விரட்டும் அளவுக்கு எரியும். வீட்டு கியாஸ் அடுப்பில் அவ்வளவு தீ வராது. அகலமான வாணலியில் ஒரு கை வெங்காயம் போட்டால் வறுபடும். சின்ன வாணலியில் கூடை நிறையப் போட்டால் வறுபடாது. தன் தண்ணீரிலேயே வேகும்.

விருந்தாளி வந்தால் இன்னொரு தொல்லை. நாலு பேருக்குச் சொன்னதை எட்டுப் பேருக்குச் செய்கிறோம். எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்குகிறோம். காயை இரண்டு மடங்கு ஆக்கலாம். தண்ணீரை அப்படியே இரண்டு மடங்கு ஆக்கக் கூடாது. பாத்திரத்தின் வாய் இரண்டு மடங்கு ஆகவில்லை அல்லவா? தண்ணீர் அதே வாய் வழியாகத்தான் ஆவியாக வேண்டும். குருமா ரசம் ஆகிவிடும்!

கை தவறினால் என்ன?

அமெரிக்காவில் ஜூலியா சைல்டு என்று ஓர் அம்மையார் இருந்தார். உயரம் 6 அடி 2 அங்குலம். அவர் பாரிஸ் நகரில் முறையாகச் சமையல் படிக்கச் சேர்ந்தபோது வயது 37. 1963-ம் ஆண்டு பாஸ்டன் நகர டெலிவிஷனில் சமைக்க ஆரம்பித்தார். நாடே பார்த்தது.

ஒரு நாள் அவர் உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப்போட்டார். கை தவறிவிட்டது. பாதி அடை வாணலிக்கு வெளியே, அடுப்பின் மேல் விழுந்தது. அவர் வெட்கப்படவில்லை. விழுந்ததை எடுத்து வாணலியில் சேர்த்தார். சமையல் அறையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே மேலே சமைத்தார். அந்த ஒரு காட்சி, நூறு செய்முறைகளைவிடப் பெரிய பாடம். தேர்ந்த கையும் தவறும் என்பதுதான் அந்தப் பாடம். 2004-ல் அவர் காலமானார். அவருடைய சமையல் அறை வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழிலும் அப்படி ஒன்று நடந்தது. 2019-ல் விஜய் டி.வி.யில் "குக்கு வித் கோமாளி" ஆரம்பம் ஆயிற்று. சமைப்பவருக்குத் துணையாக, சமையல் தெரியாத கோமாளி. உப்பு கேட்டால் சர்க்கரை வரும்! குடும்பம் குடும்பமாகச் சிரித்தார்கள். சமையல் அறையில் நடக்கும் தவறு அவமானம் அல்ல என்பதை அந்தச் சிரிப்பு காட்டியது.

செய்துபார்ப்பவர்களுக்கு...

1. நிகழ்ச்சியைப் பார்க்கும்போதே அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முழுவதும் பாருங்கள், எழுதுங்கள். பிறகு தொடங்குங்கள்.

2. முதல் தடவை பாதி அளவு செய்யுங்கள். கெட்டாலும் நட்டம் பாதிதான்.

3. உப்பு, புளி, காரம் மூன்றையும் முதலில் குறைத்துப் போடுங்கள். குறைந்தால் சேர்க்கலாம். கூடினால் எடுக்க முடியாது.

4. நிமிடக் கணக்கைவிட அடையாளத்தை நம்புங்கள். எண்ணெய் பிரிகிறதா? பச்சை வாடை போயிற்றா? இதுவே கடிகாரம்.

5. புதுப் பண்டத்தை விருந்து நாளில் செய்துபார்க்காதீர்கள். சாதாரண நாளில் செய்து கை பழகிக்கொள்ளுங்கள்.

6. செய்து முடித்ததும், நம் அடுப்பில் எவ்வளவு நேரம் ஆனது, எந்த ஸ்பூன் என்று குறித்துவையுங்கள்.

அடுத்த ஞாயிறு

மறுபடியும் கோபாலபுரம் வீட்டுக்கு வருவோம்.

அன்று மாலை மாமியார் சமையல் அறைக்குள் வந்தார். மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருந்தாள்.

"எதற்கம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்? கல்யாணம் ஆன புதிதில் நான் புத்தகத்தைப் பார்த்து மைசூர்பாகு கிளறினேன். செங்கல்லாகப் போய்விட்டது. உன் மாமனார் சுத்தியல் கேட்டார்!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் என்ன செய்தீர்கள், அத்தை?"

"மறுபடியும் கிளறினேன். மூன்றாம் தடவை வந்தது. அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். போய்ப் பார்."

அலமாரியில் மூடிக்கிடந்த நோட்டு திரும்பவும் வெளியே வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாதி அளவுதான். வெங்காயம் இருபது நிமிடம் வதங்கியது. உப்பு பாதி ஸ்பூன். பிறகு ருசி பார்த்துக் கொஞ்சம் சேர்த்தாள்.

கணவர் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம்!"

"இல்லைங்க. பாதி அளவுதான் செய்தேன்" என்றாள் அவள்.

இந்தத் தடவை சிரித்தவள் அவள்!

பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பெட்டி சொன்ன செய்முறைக்குக் கீழே தன் கையால் எழுதினாள்: "வெங்காயம் 20 நிமிடம். உப்பு சின்ன ஸ்பூன், பாதி. தேங்காய் கடைசியில்."

பெட்டியில் பார்த்த குருமா, அன்று முதல் அந்த வீட்டுக் குருமா ஆயிற்று.