வாவியடியிற் பூக்கும் செடி

மட்டக்களப்பு என்றவுடன் 'மீன்பாடும் தேனாடு' என்னும் பெயர் எவர் நினைவிலும் எழும். நிலவெரிக்கும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, நீருள் எழும் ஒலிக்குச் செவிசாய்த்தோர் பலர். ஆனால், அந்நீரினடியில் நின்று மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் புகலிடம் அளிக்கும் பூண்டுகளை விசாரித்தோர் சிலரே. வலையிற் சிக்கும் பச்சை இழைகள் யாவற்றுக்கும் 'பாசி' என்று ஒரே பெயர் சூட்டிக் கரையில் உதறிவிடுவதே வழக்கம்.

பாசிக்குப் பூவில்லை; உண்மையான வேருமில்லை. உவர்நீரில் மூழ்கி வளரும் இழைகளுட் சிலவோ வேரூன்றிப் பூத்துக் காய்ப்பவை. இலங்கையின் கடனீரேரிகளில் வளரும் ரூப்பியா அத்தகையது. ரூப்பியஸ் என்ற யேர்மானியத் தாவரவியலறிஞரின் நினைவாக அமைந்த அப்பெயரை, 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் தமது நூலில் 'ரூப்பியா மரிற்றிமா' எனப் பதித்தார்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவருகே ஒன்றும் தெற்கே கல்லாற்றில் ஒன்றுமாக இரு முகத்துவாரங்கள் அதற்குண்டு. வடகீழ்ப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் நிறைந்து உப்புக் குறையும்; முகத்துவாரத்து மணற்றிடர் உடைந்தபின் கடல்நீர் புகும்; கோடையில் உவர் ஏறும். இவ்வாறு மாறும் நீரைத் தாங்கும் செடிகள் சிலவே. ரூப்பியாவோ நன்னீரை ஒத்த நீரிலும், கடலினும் உவர்ப்பு மிகுந்த நீரிலும் வாழவல்லது.

அதனை இனங்காண்பது எவ்வாறு? இலை நூல்போல மெல்லியது. அகலம் ஒரு மில்லிமீற்றர் அளவே. விளிம்பில் முட்கள் கண்ணுக்குத் தெரியுமாயின் அது நாயாஸ் என்னும் வேறு செடி. அடுத்து, இலையின் அடியுறையைப் பார்த்தல் வேண்டும். நெல்லோடு நெல்லாய் நிற்கும் களைப்புல்லை உழவர் எப்படி அறிகின்றனர்? இலை தண்டைத் தழுவுமிடத்தில் நெல்லுக்குச் சிறு நாக்குண்டு, அக்களைக்கு இல்லை. நீரடியிலும் அதே சோதனை பயன்படும். ஹலோடூல் என்ற கடற்புல்லுக்கு அந்நாக்குண்டு, ரூப்பியாவுக்கு இல்லை.

எனினும், முடிவான சான்று காயே. சிறு காம்பொன்றில் இதழற்ற இரு பூக்கள் தோன்றும். கருவுற்றபின், பூவிலுள்ள சூலகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பை நீட்டும். விரித்த குடையின் கம்பிகள்போல் அவை பரவ, ஒவ்வொரு நுனியிலும் மூக்குடைய சிறு காய் நிற்கும். காய் காணாது பெயர் கூறுவது அவசரமாகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? தென்னாசியக் கரையோரச் சேற்றிலே ஹலோபிலா பெக்காரி என்ற மிகச் சிறிய கடற்புல் உண்டு. குறுந்தண்டின் உச்சியிலே சில சிற்றிலைகள் கொத்தாக நிற்பது அதன் அடையாளம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக வகுத்துள்ளது. அனைத்தையும் பாசியென்று உதறும் கை, அந்த அரிய பூண்டையும் அறியாமலே உதறிவிடக்கூடும்.

ஆகவே, ஐயத்திற்குரிய செடியை வேரோடும் காயோடும் எடுத்து, நீர் நிறைந்த தட்டிலே தாளின்மேல் விரித்து உலர்த்தி, இடமும் நாளும் ஆழமும் குறித்து வைத்தல் நன்று. பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பும் இத்தகைய தாள்களால் வளர்ந்ததே. பெயர் அறியப்படாத உயிர் மறைந்தால், அதன் இழப்பைக் கணக்கிடுவார் எவருமிலர்.