மூணாறில் ஒரு வருடக் கடைசி ஆராதனை

டிசம்பர் பிறந்துவிட்டால், மும்பையில் இருக்கும் என் மனம் மூணாறுக்குப் போய்விடும். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். என் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியோடு போடி வழியாக மலை ஏறியவர். அவர் சுமந்துபோன மூட்டையில் ஒரு வேதப்புத்தகமும் இருந்ததாக வீட்டில் சொல்வார்கள்.

மூணாறுக்குச் சுற்றுலா போன நம் சங்கத்தினர் பலர், டவுனில் உள்ள சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1910-இல் அஸ்திவாரம் போட்டு 1911-இல் முடிந்த கற்கோவில் அது. பின்னால் குன்றில் இருக்கும் கல்லறைத் தோட்டமோ அதைவிடப் பழையது. 1894 டிசம்பரில் காலராவில் இறந்த எலனர் இசபெல் மே என்ற ஆங்கிலேயப் புதுமணப்பெண்தான் அங்கே முதலில் அடக்கம் செய்யப்பட்டவர். மூணாறில் கல்லறை முதலில் வந்தது. கோவில் பிறகுதான் வந்தது.

எங்கள் எஸ்டேட் கோவில் அவ்வளவு பெரியதல்ல. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வாசலில் ஒரு மணி, அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் 31 இரவு அங்கே இடம் கிடைக்காது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கீதம் பாடுகிறவர்கள் ஒவ்வொரு லயமாகப் போய் வந்திருப்பார்கள். இந்து வீடுகளிலும் அவர்களுக்குக் கட்டன் சாயா உண்டு. பதிலுக்குப் பொங்கலன்று அவர்கள் வீட்டுப் பானைப் பொங்கல் எங்களுக்கு வரும்.

வருடக் கடைசி இரவில் விழித்திருந்து ஜெபிக்கும் வழக்கம் 1733-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹட் என்ற ஊரில் மொராவியச் சபையாரிடம் தொடங்கியது என்பார்கள். ஜான் வெஸ்லி வழியாக அது மெதடிஸ்டுகளிடம் வந்தது; பாப்டிஸ்டு சபைகளும் மற்றவையும் அதை ஏற்றுக்கொண்டன. 1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் அமலுக்கு வரவிருந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை எதிர்பார்த்து, அமெரிக்கக் கறுப்பின மக்கள் கோவில்களில் விழித்திருந்தார்கள். தமக்கென்று எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த இரவு எவ்வளவு பெரியது என்பது எங்கள் லயத்து மக்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பதினோரு மணிக்கு ஆராதனை தொடங்கும். வெளியே புல்லெல்லாம் உறைபனி. கம்பளியும் மப்ளருமாக எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். அந்த வருடம் பிறந்த குழந்தைகள், மணமுடித்தவர்கள், இறந்தவர்கள் பெயர்களை ஐயர் வாசிப்பார். பிறகு சாட்சி நேரம். பன்னிரண்டு அடிக்கும்போது எல்லோரும் முழங்காலில் இருப்போம். மணி ஒலித்ததும் கைகுலுக்கல், வாக்குத்தத்த அட்டை, பன்னும் தேநீரும்!

2020-இல் நான் போகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் அவர்களில் பல. "இந்த வருஷம் சாட்சி சொல்ல ஒருத்தரும் எழுந்திரிக்கலப்பா" என்று சித்தி போனில் சொன்னார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் போயிருந்தபோது எழுந்து நின்றது அந்தச் சித்திதான். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகள் ஒருவரும் தோட்ட வேலைக்கு வரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் "எங்க ஊர்" என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் உண்டு. ஆனால் அங்கே ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

"ஐயரே, வீட்டுச் சாவியக் குடுத்துருதேன். சபைப் பதிவுல இருந்து எம் பேர மட்டும் எடுத்துராதீங்க. இவுக அப்பா இங்கனதான் கெடக்காக. நானும் இங்கனயேதான் வரணும்" என்றார்.

சித்தப்பா பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளைக் காட்டித்தான் சொன்னார். கோவிலில் ஒரு சத்தமும் இல்லை. அங்கிருந்த பாதிப் பேருக்கு அது நாளை தம் கதையும்தான். ஐயர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க பேரு இருக்கும்மா. அடுத்த வருஷமும் வாசிப்போம்" என்றார். மணி அடித்தது.

சித்தி இப்போது தென்காசிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். சபைச் சந்தாவை ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்பிவிடுகிறார். டிசம்பர் வந்தால் கம்பளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்.

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே! நமக்கு இங்கே சொந்த வீடு இருக்கலாம், ரேஷன் கார்டு இருக்கலாம். ஆனாலும் வருடத்தில் ஒருநாள் நம் பெயரை வாசிக்க ஓர் இடம் வேண்டும். நம் சங்கத்திலும் வேலை ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல், ஆண்டுவிழாவில் ஒருமுறை வாசித்தால் என்ன? இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. யோசித்துப் பாருங்கள்.